பூட்டிய பள்ளிக்கூடத்தில் ஓடும் மீற்றர்

யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையின் காபன் கணக்கை, அதாவது அதனால் எவ்வளவு காபனீரொட்சைட்டு வெளியாகிறது என்பதை, எடுக்க நினைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, வெள்ளிக்கிழமை பின்னேரம் 2 மணிக்கு மீற்றர் பெட்டியைத் திறந்து பார்ப்பது. பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருப்பார்கள், ஆசிரியர் அறை பூட்டியிருக்கும். அந்த எண்ணை ஒரு கொப்பியில் எழுதி வைத்துவிட்டு, திங்கள் காலை 7 மணிக்கு மறுபடி பார்த்து எழுத வேண்டும். இடையில் 65 மணித்தியாலம். அதற்குள் 13 அலகு (ஓர் அலகு 1,000 வோற்று மணித்தியாலம்) ஓடியிருந்தால், ஆளே இல்லாத பாடசாலை இடைவிடாமல் 200 வோற்று இழுத்துக்கொண்டிருக்கிறது.

சின்ன எண்ணாகத் தெரியும். காலை 7.30 முதல் 1.30 வரை, ஆண்டுக்குச் சுமார் 200 நாள் என்று பார்த்தால் பாடசாலை நடப்பது 1,200 மணித்தியாலம் மட்டுமே. ஆண்டில் இருப்பதோ 8,760. மிச்ச 7,560 மணித்தியாலமும் அந்த 200 வோற்று ஓடினால் 1,512 அலகு. வகுப்பறையில் சுற்றும் 75 வோற்று மின்விசிறி ஒன்று ஆண்டு முழுவதற்கும் எடுப்பது 90 அலகுதான். பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் ஏறக்குறைய 17 மின்விசிறிக்கான கறன்ட் போய்க்கொண்டிருக்கிறது. வகுப்பை விட்டு வெளியே வரும்போது மின்விசிறியை நிப்பாட்டச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்குவது நல்லதுதான், அதை விட வேண்டாம். ஆனால் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது.

அதைத் தேடிப் பிடிக்கக் கருவி எதுவும் வாங்கத் தேவையில்லை. மீற்றரின் முகத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டும். ஓர் அலகுக்கு எத்தனை முறை சிமிட்டும் என்பதும் அங்கேயே எழுதியிருக்கும். அது 1600 என்றால், 200 வோற்று ஓடும்போது ஏறக்குறைய 11 செக்கனுக்கு ஒருமுறை சிமிட்டும். ஒருவர் மீற்றர் முன்னால் நின்று எண்ண, மற்றவர் பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். எந்தப் பிரேக்கரை இறக்கியதும் சிமிட்டல்களுக்கு இடைவெளி நீளுகிறதோ, அந்த வரியில்தான் கறன்ட் இழுக்கும் ஆள் இருக்கிறார். வழக்கமாக அகப்படுபவை குளிர்நீர் இயந்திரம், கணினி அறையின் யூ.பி.எஸ். வரிசை, ஆசிரியர் அறைக் குளிர்சாதனப் பெட்டி, அணைக்காமல் விட்ட போட்டோப் பிரதி இயந்திரம். எல்லாப் பிளக்கையும் கழற்றிய பிறகும் ஒரு வரி இழுத்துக்கொண்டே இருந்தால், பழைய வயரில் கசிவு இருக்கலாம். அதை உடனே எலக்ட்ரீசியனிடம் காட்ட வேண்டும். பிள்ளைகள் தொடும் சுவர் அது. கணினி அறைக்குத் தனி மெயின் சுவிட்ச் வைத்து, கடைசியாகப் பூட்டுபவர் அதை இறக்கிவிட்டுச் சாவியை ஒப்படைப்பது என்று எழுதி வைத்தால் பாதி வேலை முடிந்தது.

மின்விசிறியை மாற்றுவது இதற்குப் பிறகுதான். 30 வோற்று அளவில் ஓடும் பி.எல்.டி.சி. (மின்னணுச் சுற்றால் ஓடும் மோட்டர்) வகை ஒன்றைப் போட்டால் ஆண்டுக்கு 54 அலகு மிச்சம். பழையது பழுதாகும்போது மாற்றினால் போதும். மாற்றும்போது சுவரில் உள்ள பழைய றெகுலேற்றரைக் கழற்றி நேர்வயர் கொடுக்க வேண்டும். அதை அப்படியே விட்டால் புதிய மின்விசிறியின் உள்ளே இருக்கும் சுற்று கெட்டுப்போகும், "புதுசு எல்லாம் சரியில்லை" என்ற பேரும் மிஞ்சும். ரியூப் லைற்றிலும் இதே கதைதான். எல்.ஈ.டி. குழாயைப் போட்டுவிட்டுப் பழைய சோக்கைக் கழற்றாமல் விடுகிறார்கள். சோக் தன் பங்குக்குச் சூடாகிக்கொண்டே இருக்கும். கழற்றிய பழைய குழாய்களில் பாதரசம் இருக்கிறது, உடைத்துக் குப்பையில் போடக் கூடாது.

இனி வாசலுக்கு வருவோம். பாடசாலையின் மின்பட்டியலில் வராத, ஆனால் மின்பட்டியலைவிடப் பெரிதாக இருக்கக்கூடிய கணக்கு அங்கே நிற்கிறது. 4 கிலோமீற்றர் தூரத்தில் இருந்து ஒரு தகப்பன் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டு, திரும்பிப் போய், மத்தியானம் மறுபடி வந்து ஏற்றுகிறார். ஒரு நாளைக்கு 16 கிலோமீற்றர். லீற்றருக்கு 50 ஓடும் என்றாலும் 200 நாளுக்கு 64 லீற்றர் பெற்றோல். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வரும். ஒரு பிள்ளைக்கு 147 கிலோ. நூறு பிள்ளைகள் என்றால் 14.7 தொன். மின்சாரத்துக்கு அலகுக்கு அரைக் கிலோ என்று வைத்துக் கணக்கிட்டால் (மழை குறைந்து நுரைச்சோலை மின்நிலையத்தின் நிலக்கரியும் டீசலும் கூட எரியும் ஆண்டில் இது ஏறும்), அது 29,000 அலகுக்குச் சமம். உங்கள் பாடசாலையின் ஓராண்டு மின்பட்டியலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மேடு பள்ளம் இல்லாத யாழ்ப்பாணம் சைக்கிளுக்கென்றே செய்தது போன்ற ஊர். 2022 இல் பெற்றோல் இல்லாமல் போனபோது ஊரே சைக்கிளில் ஏறியது. பிறகு ஏன் இறங்கினார்கள் என்று பெற்றோரிடம் கேட்டால் மூன்று பதில் வரும்: பிரதான வீதியில் பஸ்ஸும் ரிப்பரும் ஓடும் வேகம், பாடசாலை முடிந்ததும் நேரே ரியூசனுக்கு ஓட வேண்டியது, வெயிலில் நிற்கும் சைக்கிள். மூன்றில் முதலாவதுக்கும் கடைசிக்கும் பாடசாலை ஏதாவது செய்யலாம். சைக்கிள் தரிப்பிடத்துக்குக் கிடுகுக் கூரை போடுங்கள், ஒரு காற்றுப் பம்பும் ஒட்டுப்போடும் சாமானும் அலுவலகத்தில் வைத்திருங்கள். ஒரே ஒழுங்கையால் வரும் பிள்ளைகளின் பெயர்களை வகுப்பு வாரியாக எழுதி, பெரிய வகுப்புப் பிள்ளையோடு சின்னவர்களைச் சேர்த்து அனுப்பலாம். பத்து வயதுக்குக் குறைந்தவர்களைத் தனியே சைக்கிளில் விடச் சொல்லிப் பெற்றோரை வற்புறுத்தக் கூடாது. அவர்களுடைய பயம் நியாயமானது. அந்தப் பிள்ளைகளுக்கு வான் ஒழுங்குதான் சரி. 12 பேர் வரும் ஒரு வான் 12 மோட்டார் சைக்கிளைவிட எவ்வளவோ மேல்.

தண்ணீருக்கு வந்தால் எழுத நிறைய இருக்கிறது. ஏனென்றால் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கை ஆறு மழைக்கு ஓடி வற்றிவிடும். நமக்கு இருப்பது சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய மழைநீர்தான், அதற்கும் கீழே உவர்நீர் காத்திருக்கிறது. கிணற்றை அளவுக்கு மீறி இறைத்தால் அந்த உவர் மேலே ஏறும்.

பாடசாலைக் கிணற்று மோட்டரில் வழக்கமாக இரண்டு குறை இருக்கும். ஒன்று, தாங்கியில் மிதவைச் சுவிட்ச் இல்லாதது. மோட்டரைப் போட்டவர் வேறு வேலையில் மறந்துபோவார், தாங்கி வழிந்து கொண்டிருக்கும். மற்றது புட் வால்வு (கிணற்றுக்குள் பைப்பின் அடியில் தண்ணீரைத் திரும்பிப் போகவிடாத வால்வு) இறுக்கமாக மூடாதது. இரவில் பைப்பில் இருந்த தண்ணீர் கிணற்றுக்குள் இறங்கிவிடும். காலையில் மோட்டர் வெறுமனே சுற்றிச் சூடாகும், யாராவது தண்ணீர் ஊற்றி எழுப்ப வேண்டும். "மோட்டர் பழசு, புதுசு வேணும்" என்று சங்கத்தில் பணம் கேட்பதற்கு முன்னால் அந்த வால்வைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு துண்டுக் கல்லோ, தேய்ந்த றப்பரோதான் காரணம். ஒழுகும் குழாய்க்குக் கீழே ஒரு லீற்றர் போத்தலை வைத்து, நிரம்ப எத்தனை நிமிடம் என்று பார்க்க 6ஆம் வகுப்புப் பிள்ளையே போதும். 20 நிமிடம் என்றால் ஒரு நாளைக்கு 72 லீற்றர்.

தண்ணீருக்கும் காபனுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் தாளையடியைப் பார்க்க வேண்டும். அங்குள்ள கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் எடுக்கும் அளவில் கட்டியது. கடல்நீரில் இருந்து 1,000 லீற்றர் நன்னீர் பிரிக்க 3 முதல் 4 அலகு மின்சாரம் தேவை. அதே 1,000 லீற்றரைக் கிணற்றில் இருந்து மேல்தாங்கிக்கு ஏற்ற, நல்ல நிலையில் உள்ள மோட்டருக்கு அலகில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் தேவைப்படாது. குடிக்கக் குழாய்நீர் வரும் இடங்களில் அது பெரிய ஆறுதல். நைத்திரேற்று கலந்த கிணற்றுநீரைப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுக்க முடியாது. ஆனால் குழாய்நீரால் மலசலகூடம் கழுவுவதும் பூங்கன்றுக்கு விடுவதும் வேண்டாம். குழாய்நீருக்கும் கிணற்றுநீருக்கும் தனித்தனித் தாங்கி, தனித்தனி நிறத்தில் பைப் என்று தொடக்கத்திலேயே பிரித்துவிட வேண்டும். பிறகு பிரிப்பது சுவரை உடைக்கிற வேலை.

அன்பளிப்பாக வந்த ஆர்.ஓ. (சவ்வால் உப்பை நீக்கிக் குடிநீராக்கும்) இயந்திரங்கள் பல பாடசாலைகளில் நிற்கின்றன. உள்ளே போகும் தண்ணீரில் பாதியோ அதற்கு மேலோ கழிவாக வெளியே வரும் என்பதைக் கொடுப்பவர்கள் சொல்வதில்லை. அந்தக் கழிவுநீரில் உப்புச் செறிவு கூட, செடிக்கு விட்டால் கருகும். மலசலகூடத் தாங்கிக்குத் திருப்பலாம். நம் தண்ணீரின் கடினத்தன்மையால் உள்ளே உள்ள சவ்வு சீக்கிரம் அடைக்கும். அதை மாற்றும் செலவை யார் ஏற்பது என்று முதல்நாளே எழுதிக்கொள்ளாத இடங்களில் இயந்திரம் மூலையில் கிடக்கிறது.

மழைநீரைப் பிடிப்பதில் கணக்கு எளிது: ஒரு சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர். 300 சதுர மீற்றர் கூரை, ஆண்டுக்கு 1,200 மில்லிமீற்றர், ஐந்தில் ஒன்று சிதறிப்போகும் என்று கழித்தால் 288,000 லீற்றர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அவ்வளவுக்கும் தாங்கி கட்ட முடியாது. 10,000 லீற்றர் சேமித்து, மிச்சத்தை வடிகட்டிக் கிணற்றுக்கோ கிணற்றடிக் குழிக்கோ விடுவதுதான் நடக்கக்கூடியது. ஒவ்வொரு மழையிலும் முதலில் வரும் 150 முதல் 300 லீற்றர் கூரையைக் கழுவிய தண்ணீர். அதை வெளியே விட வால்வு வேண்டும். முற்றத்துத் தண்ணீரையும் மலசலகூடப் பக்கத்துத் தண்ணீரையும் கிணற்றுப் பக்கம் திருப்பவே கூடாது. சுண்ணக்கல் வெடிப்பு மணல்போல வடிகட்டாது, போட்டதை அப்படியே கொண்டுபோகும். அஸ்பெஸ்டஸ் கூரைத் தண்ணீர் குடிக்க ஆகாது. பீலியில் வேப்பஞ்சருகு அடைத்துத் தண்ணீர் தேங்கினால் நுளம்பு முட்டையிடும், டெங்கு காலமும் அதே மாரிதான். புரட்டாதி கடைசியில் ஒருமுறை, மழைக்கு நடுவில் ஒருமுறை பீலி சுத்தம் செய்யும் ஆள் யார் என்ற பெயர் அலுவலகச் சுவரில் இருக்க வேண்டும்.

சூரியப் படலம் போட விரும்பும் பழைய மாணவர்கள் இப்போது நிறையப் பேர். நல்லது. 1 கிலோவோற்றுக்கு நாளொன்றுக்கு 4 அலகு அளவில் வரும். போடுமுன் இரண்டு விடயம் பார்க்க வேண்டும். ஒரு பனையின் நிழல் கோடுபோல ஒரு படலத்தில் விழுந்தாலும், தொடராக இணைத்த வரிசை முழுவதும் உற்பத்தி குறையலாம். பெண் பனையைத் தறிக்க அனுமதியும் வேண்டும். பனையை விட்டுப் படலத்தை நகர்த்துங்கள். அடுத்தது கழுவுவது. நம் கிணற்றுநீரால் கழுவிக் காயவிட்டால் கேத்திலின் அடியில் படிவது போன்ற வெள்ளைப் படை கண்ணாடியில் ஏறும், பிறகு சுரண்ட முடியாது. மழைநீர்த் தாங்கியில் இருந்து எடுத்து, விடியற்காலை கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். கடற்கரைப் பாடசாலைகளில் தாங்கு சட்டத்தின் ஆணியும் திருகும் துருப்பிடிக்காதவையா என்று கேட்டு வாங்குங்கள். கறன்ட் நின்றால் பட்டரி இல்லாத தொகுதியும் நின்றுவிடும் என்பதைத் தெரியாமல் பலர் ஏமாறுகிறார்கள். வரியின் கடைசியில் உள்ள பாடசாலைகளில் ஞாயிறு மத்தியானம் வோல்ற்றேஜ் ஏறி இன்வேட்டர் தானே நிற்பதும் உண்டு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைத் தொகுதிகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டது. விடுமுறை நாட்களை நம்பிப் பெரிய தொகுதி போட வேண்டாம். பாடசாலை நடக்கும் நேரத்துத் தேவைக்கு அளவாகப் போடுங்கள்.

காலையில் கூட்டிக் குவித்த சருகை எரிக்கும் புகை இன்னும் பல வளவுகளில் எழுகிறது. நடுவில் ஒரு லன்ஞ் சீற்றோ ரொபிப் பேப்பரோ இருந்தால் அந்தப் புகை பிள்ளைகளின் நெஞ்சுக்குள் நஞ்சாகப் போகும். பொலித்தீன் லன்ஞ் சீற் 2017 இலேயே தடை செய்யப்பட்டது. சிற்றுண்டிச்சாலை ஒப்பந்தம் ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது, வாழையிலை அல்லது கழுவும் தட்டு என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். வாயால் சொன்னது இரண்டாம் தவணைக்குள் மறைந்துபோகும்.

சருகைப் பசளையாக்கக் குழி வெட்டச் சொல்லும் கையேடுகள் வலிகாமத்துக்குப் பொருந்தாது, பல இடங்களில் இரண்டடியில் கல் தட்டும். நிலத்தின் மேலேயே பனை மட்டையால் மூன்றடிச் சதுரக் கூடு கட்டுங்கள். அதைவிடச் சின்னதாக இருந்தால் உள்ளே சூடு ஏறாது. ஒரு சாண் வேப்பஞ்சருகு, அதன்மேல் நாலு விரல் பச்சை: பூவரசங்குழை, கிளிசரியா, புல். அதன்மேல் சாணிக் கரைசல். வேப்பஞ்சருகை மட்டும் போட்டால் ஒரு வருடம் ஆனாலும் அப்படியே கிடக்கும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம். மாரியில் கிடுகால் மூடாவிட்டால் காற்றுப் புகாமல் அழுகிக் கூழ்முட்டை மணம் வரும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை புரட்டினால் மூன்று மாதத்தில் கறுத்து உதிரும். குழை தாழ்த்திப் பயிர் செய்த மண் இது. பிள்ளைகளின் தாத்தாமாருக்கு இதில் புதிதாகச் சொல்ல எதுவும் இருக்காது, அவர்களை ஒருநாள் கூப்பிட்டுக் காட்டச் சொல்லலாம்.

இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு ரெஜிபோமில் வாசல் கட்டுவதை நிறுத்த அறிவுரை தேவையில்லை. அலங்காரத்துக்கான புள்ளித்தாளில் 20 புள்ளியை, கட்டிய பொருள் எல்லாம் மறுபடி பயன்படுமா அல்லது மண்ணில் உக்குமா என்பதற்கு ஒதுக்குங்கள். அடுத்த ஆண்டே குருத்தோலையும் சாக்கும் கமுகம் பாளையும் வரும்.

மரநடுகையைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், எல்லாப் பாடசாலையும் அதையே முதலில் செய்து, அதோடு நிறுத்திக்கொள்வதுதான். ஒரு கன்று முதல் ஆண்டுகளில் இழுக்கும் காபன் சில கிலோதான். அது தரும் நிழல் வகுப்பறையைக் குளிர்வித்தால் பயன் சீக்கிரம் தெரியும், அதற்கு இடம் சரியாக இருக்க வேண்டும். வீட்டுக்கு மேற்குப் பக்கம் மரம் வைக்கிறோம், பின்னேர வெயிலுக்காக. பாடசாலை 1.30 க்கு முடிகிறது. பிள்ளைகளைச் சுடுவது காலை வெயில். ஆகவே கிழக்குச் சுவரில் இருந்து 5 மீற்றர் தள்ளி வேம்பும் இலுப்பையும் வையுங்கள். கார்த்திகையில் நட்டவை பெரும்பாலும் சாவது ஆவணி விடுமுறையில்: மழை இல்லை, பிள்ளைகளும் இல்லை, ஆடு மட்டும் வரும். கன்றைச் சுற்றி மட்டை வேலி, அடியில் ஒரு கடகம் சருகு, இரண்டு நாளுக்கு ஒரு வாளி தண்ணீர். விடுமுறையில் அந்த வாளியைத் தூக்க பாடசாலைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரின் பெயரை, படலைச் சாவியோடு, தவணை முடியும் நாளிலேயே எழுதி வாங்கிவிட வேண்டும்.