கதவு வேண்டாம் என்ற தாயின் வாசலில்

ஆந்திராவில், ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் பக்கத்தில் இருக்கும் சூலூர்பேட்டை செங்காளம்மன் பரமேஸ்வரியின் சந்நிதிக்குக் கதவு கிடையாது. ஒரு காலத்தில் திருட்டுக்கு அஞ்சி ஊரார் கதவு செய்ய முற்பட்டபோது, அம்மன் கனவில் வந்து தனக்குக் கதவு வேண்டாம் என்று மறுத்துவிட்டாள் என்றும், கோயிலுக்குப் பின்புறம் கிடந்த அந்தப் பலகைகளே வேர்விட்டுத் துளிர்த்து மரமாகிவிட்டன என்றும் அங்குள்ளவர்கள் சொல்வார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்புவதற்கு முன் இஸ்ரோவின் தலைவர்கள் இவளை வந்து வணங்கிச் செல்வது செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். எங்கள் வீட்டில் என் தாயாருக்கு அவள்மேல் பற்று ஏற்பட்டதும் அப்படி ஒரு செய்தியைப் பார்த்துத்தான்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எனக்கு ஒரு சிறிய லேத் பட்டறை இருக்கிறது. டர்னராக வேலை பார்த்த அப்பா, ஓய்வு பெற்றபோது வந்த பணத்தைக் கொண்டு தொடங்கியது அது. சில ஆண்டுகளுக்கு முன், விண்வெளித் துறைக்கு உதிரிபாகங்கள் செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்திடமிருந்து எங்களுக்கு ஜாப் ஒர்க் வந்தது. உள்ளங்கையில் அடங்கும் ஓர் அலுமினிய வளையம். உள்விட்டம் 10 மைக்ரான் கூடினாலும் ரிஜெக்ட், குறைந்தாலும் ரிஜெக்ட். தலைமுடியின் தடிமனே ஏறத்தாழ 70 மைக்ரான் இருக்கும். இந்த வேலைக்கென்றே கடன் வாங்கி, கணினி இயக்கும் சிஎன்சி மெஷின் இறக்கினேன். டிராயிங்கில் ஓர் எண் மட்டும்தான் இருக்கும். அந்த வளையம் எந்த ராக்கெட்டில், எந்த இடத்தில் போய் உட்காருகிறது என்பதை எங்களுக்குச் சொல்வதில்லை, நாங்கள் கேட்பதும் இல்லை.

கடன் பத்திரத்தில் நான் கையெழுத்திட்டு வந்த அன்று அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்தார்கள். பட்டறைப் பொருள் பழுதில்லாமல் மேலே போய்ச் சேர்ந்தால் செங்காளம்மனுக்குச் சேலை சாத்துவதாக வேண்டுதல். போய்ச் சேர்ந்ததா என்று நமக்கே தெரியப் போவதில்லையே, வேண்டுதலை எப்போது செலுத்துவது என்று நான் கேட்டதற்கு, "நமக்கு எதுக்குடா தெரியணும், அவளுக்குத் தெரிஞ்சா போதாதா" என்று பேச்சை முடித்துவிட்டார்கள். பிறகு, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நூறாவது ராக்கெட் 2025 ஜனவரி 29 அன்று காலை 6:23க்குக் கிளம்பும் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். அன்று தை அமாவாசை. அதற்கு முந்தைய நாள் செவ்வாய்க்கிழமை. இதற்குமேல் அம்மாவுக்கு எந்தச் சான்றும் தேவைப்படவில்லை. எங்கள் வளையம் இதில்தான் போகிறது என்று அவர்களே தீர்மானித்து, பீரோவிலிருந்து அரக்கு நிறப் பட்டுச் சேலையை எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள்.

முழங்கால் வலிக்குக் கார் வைத்துக்கொள்ளலாம் என்றால் கேட்கவில்லை. வேண்டுதலுக்குப் போகும்போது சொகுசு கூடாதாம். சென்ட்ரலில் மூர்மார்க்கெட் பக்கத்து நடைமேடையிலிருந்து சூலூர்பேட்டை வண்டி. கும்மிடிப்பூண்டிவரை வேலைக்குப் போகிறவர்களின் நெருக்கடி. அதன்பின் ஆரம்பாக்கம், தடா, அக்கம்பேட்டை என்று நிலையங்கள் கழியக் கழிய உட்கார இடம் கிடைத்தது.

வண்டியில் என் மகள், பள்ளி ஆண்டு மலருக்காகத் தான் எழுதிக்கொண்டிருக்கும் விஞ்ஞானக் கதையைப் பாட்டியிடம் சொல்லத் தொடங்கினாள். நிலவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம், அங்கே செங்காளம்மனுக்குக் கோயில் எழுப்புகிறது. முதல் சிக்கல் அமாவாசை. பூமியில் நமக்கு அமாவாசையாக இருக்கும் வேளையில், நிலவின் இந்தப் பக்கத்தில் நிற்பவருக்குப் பூமி முழு வட்டமாக வானில் ஒளிருமாம். அப்படியானால் அந்தக் குடும்பத்துக்கு அது அமாவாசையா, பௌர்ணமியா? சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் தொல்லை. ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுவதால் நாளொன்றுக்கு 16 சூரிய உதயம். அம்மா சிறிதும் தயங்காமல், "எந்த ஊர்ல இருந்து கிளம்பினாங்களோ அந்த ஊர்க் கணக்குதான்" என்றார்கள். 2007ஆம் ஆண்டு ரமலான் மாதத்தில் மலேசிய விண்வெளி வீரர் ஒருவர் அந்த நிலையத்துக்குச் சென்றபோது, தொழுகை நேரத்துக்கு ராக்கெட் கிளம்பிய இடத்தின் நேரத்தையே கணக்கில் கொள்ளலாம் என்று அந்நாட்டு மார்க்க அறிஞர்கள் வழிகாட்டியதை எங்கோ படித்திருக்கிறேன். பஞ்சாங்கம் தவிர வேறெதையும் புரட்டாத என் தாயாரும் அதே முடிவுக்கு வந்து சேர்ந்ததில் எனக்கு ஒரு பெருமை.

இரண்டாவது சிக்கலில்தான் மகள் கதையை நிறுத்தி வைத்திருந்தாள். நிலவில் காற்று கிடையாது. கட்டடம் எதுவாக இருந்தாலும் காற்றுப் புகாத இரட்டைக் கதவு வைத்து அடைத்தே ஆகவேண்டும். கதவே வேண்டாம் என்று சொன்னவளுக்கு அங்கே எப்படிக் கோயில் கட்டுவது? அம்மா சற்று நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "அவளுக்கு எதுக்குடி மூச்சுக்காத்து? அவ பாட்டுக்கு வெளியிலதான் நிப்பா. கதவெல்லாம் உள்ள இருக்கிற நமக்குத்தான்." மகள் உடனே நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டாள். எத்தனையோ உபன்யாசங்கள் கேட்டிருக்கிறேன். இப்படிச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சூலூர்பேட்டையில் இறங்கிய பிறகு பட்ட பாட்டையும் சொல்லத்தான் வேண்டும். செவ்வாய்க்கிழமை, அன்று மாலைக்கு மேல் அமாவாசை பிறக்கிறது, மறுநாள் ராக்கெட் பார்க்க வந்த கூட்டம் வேறு. மூன்றும் ஒரே தெருவில் கூடினால் எப்படியிருக்கும்? ஆட்டோக்காரர் கேட்ட தொகைக்கு நாங்கள் அம்பத்தூரிலிருந்தே ஆட்டோவில் வந்திருக்கலாம். தேங்காய், பூ, குங்குமம், வளையல் அடங்கிய தட்டுக்கு முதல் கடையில் ஒரு விலை, நான்கடி தள்ளி அதில் பாதி. வரிசையில் நிற்காமல் அம்மன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதாகத் தெலுங்கும் தமிழும் கலந்து பேசிய ஒருவர், அம்மாவின் காலைப் பார்த்து இரக்கப்படுவதுபோல் கூடவே வந்து, நாங்கள் மசியாததைக் கண்டதும் அடுத்த குடும்பத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். கதவு வேண்டாம் என்றவளிடம் போவதற்கு இடைத்தரகர் எதற்கு? கம்பித் தடுப்புகளுக்கு நடுவே வரிசை ஊர்ந்தது. அம்மா ஒரு கையால் கம்பியையும் மறு கையால் பேத்தியின் தோளையும் பிடித்துக்கொண்டு ஒரு சொல்கூடக் குறைப்படாமல் நின்றார்கள்.

சந்நிதிக்கு எதிரே வந்தபோது பின்னாலிருந்த கூட்டம் நெட்டித் தள்ளியது. சேலைப் பையை நான் நீட்ட, அர்ச்சகர் அதை வாங்கி, மடிப்பைப் பிரித்து, கரையை இழுத்து, அவள் தோளில் சார்த்தினார். அந்த ஒரு கணம், ஏனென்று தெரியவில்லை, தள்ளு நின்றது. தீப ஒளியில் மஞ்சளும் குங்குமமும் அப்பிய அந்த முகத்தையும், எங்கள் வீட்டு பீரோவில் நாப்தலின் வாசனையோடு இத்தனை நாள் கிடந்த சேலை அங்கே அவளுடையதாகிவிட்டதையும் பார்த்துக்கொண்டே நின்றேன். கடன் தவணை, அடுத்த ஆர்டர், மகளின் படிப்பு என்று கேட்பதற்கு ஒரு பட்டியலே வைத்திருந்தேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. கண்ணில் நீர் வழிந்துகொண்டிருப்பதை மகள் பார்த்துவிட்டாள் என்பது மட்டும் தெரிந்தது. "நகருங்கோ, நகருங்கோ" என்ற குரல் கேட்ட பிறகே கால் பெயர்ந்தது. பின்புறத்து மரத்தை வலம் வந்து, அதன் நிழலில் அம்மாவை உட்கார வைத்தபோது, "கேட்டியாடா?" என்றார்கள். இல்லை என்றேன். "நானும் கேக்கல" என்று சிரித்தார்கள்.

ஏவுதலைக் காண இஸ்ரோ அமைத்திருக்கும் காட்சியரங்குக்கு முன்பதிவு வேண்டும், எங்களுக்குக் கிடைக்கவில்லை. விடிவதற்கு முன்னரே எழுந்து, பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஓர் ஓரத்தில், அதே எண்ணத்தோடு வந்திருந்தவர்களின் நடுவே போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றோம். தொலைவில் ஏரியின் நீர்மட்டத்தோடு மங்கலாக ஒரு வெள்ளைக் கோடு. வெளிச்சம் வந்த பிறகுதான் அவை பூநாரைகள் என்று தெரிந்தது. 6:23க்கு அடிவானம் ஆரஞ்சாக வெடித்தது. ஓசையே இல்லாமல் அந்த ஒளி மேலே ஏறியது. மேகத்துக்குள் நுழைந்து, மேகத்தையே விளக்காக்கிவிட்டு மறைந்தது. வெகுநேரம் கழித்து, ஏரியைக் கடந்து அந்த உறுமல் வந்து சேர்ந்து நெஞ்சுக்கூட்டைப் பிடித்து உலுக்கியது. ஜிஎஸ்எல்வி எஃப்15; ஏறத்தாழ 51 மீட்டர் உயரம், 420 டன் எடை. எனக்கு எடை நினைவில்லை, எங்கள் வளையம்தான் நினைவு. பிசிறு எடுத்து, துடைத்து, பஞ்சில் பொதிந்து அனுப்பியது. ஒருவேளை இதில் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

சுற்றியிருந்தவர்கள் கைதட்டிக் கலையத் தொடங்கிய பிறகும் நான் கைபேசியை விட்டு அசையவில்லை. என் தொழில் அப்படி. மூன்றாவது நிலையின் கிரையோஜெனிக் எஞ்சின் எரிந்து முடிகிறவரை எனக்கு மூச்சு வராது. திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி, திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி. இரண்டையும் அடக்கி வைத்து எரிக்கும் அந்த வித்தையை நமக்குக் கற்றுத் தருவதாக ரஷ்யா ஒப்புக்கொண்டு, அமெரிக்காவின் நெருக்குதலால் 1993இல் பின்வாங்கியது. செய்து முடித்த எஞ்சின்களை விற்றார்கள், செய்யும் முறையைத் தரவில்லை. அதன்பின் திருநெல்வேலிச் சீமையின் மகேந்திரகிரியில் நம்மவர்கள் தாமாகவே எரித்துப் பார்த்துப் பழகியதுதான். 2010 ஏப்ரல் 15 அன்று முதல் முயற்சி கடலில் போயிற்று. 2014 ஜனவரி 5 அன்று வென்றார்கள். அந்த எஞ்சினோடு வளர்ந்தவரான, குமரி மாவட்டத்துக்காரர் வி. நாராயணன் இஸ்ரோவின் தலைவராகப் பொறுப்பேற்ற பின் நடந்த முதல் ஏவுதல் இது. மேலே போனதோ, ஜிபிஎஸ் போல வழிகாட்டும் நம் நாவிக் அமைப்புக்கான என்விஎஸ்-02 செயற்கைக்கோள். வழி தெரிந்துகொள்வதற்கும் இன்னொரு நாட்டின் தயவை எதிர்பார்க்காதிருக்கும் முயற்சி. 19 நிமிடத்தில் என்விஎஸ்-02 பிரிந்தது என்று அறிவித்தார்கள். ஊரில் உள்ள வாசல்களெல்லாம் சாத்தப்பட்டபோது நம் பிள்ளைகள் திரும்பத் திரும்ப வந்து நின்ற வாசல் இந்தத் தாயுடையது என்பதை எண்ணியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அறிவியல் வேறு, பக்தி வேறு என்று வாதிடுகிறவர்கள் வாதிடட்டும். மைக்ரோமீட்டரைக் கையில் எடுக்கும்போது தெய்வத்தை நினைத்துக்கொள்வதால் என் அளவு ஒரு மைக்ரானும் பிசகியதில்லை.

பிறகு காளங்கி ஆற்றங்கரைக்குப் போய் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டேன். லேத்தில் காலமெல்லாம் நின்று கால் நரம்பு சுருண்டவர். அவர் தொடங்கிய பட்டறையின் பொருள் போகிற உயரத்தை அவரிடம் சொல்லத் தெரியாமல், பெயரையும் கோத்திரத்தையும் மட்டும் சொல்லி முடித்தேன்.

ஊர் திரும்பிய சில நாட்களில், பிப்ரவரி 2 அன்று செய்தி வந்தது. ராக்கெட் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது. ஆனால் செயற்கைக்கோளைத் தன் சுற்றுப்பாதைக்கு உயர்த்தும் எஞ்சினுக்கு, எரிபொருள் எரியத் தேவையான ஆக்சிஜனேற்றியை விடவேண்டிய வால்வு திறக்கவில்லை. 2,250 கிலோ எடையுள்ள அது, போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் நீள்வட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்ரீஹரிகோட்டா தீவில் இது புதிதல்ல. 1979 ஆகஸ்ட் 10 அன்று கிளம்பிய முதல் எஸ்எல்வி-3 ராக்கெட், ஒரு வால்வு பழுதானதால் 317 வினாடிகளில் வங்கக் கடலில் விழுந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 18 அன்று அதே குழு ரோகிணி செயற்கைக்கோளை மேலே நிறுத்திக் காட்டியது. இதையெல்லாம் நினைத்துக்கொண்டாலும் எனக்கு மனம் ஆறவில்லை. வேண்டுதலைச் செலுத்திவிட்டு வந்த சூடு தணிவதற்குள் அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்ற தயக்கம் வேறு.

மாலையில் சொன்னேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். "வால்வுன்னா என்னடா?" என்றார்கள். குழாய்க்கு வைக்கிற கதவு மாதிரி என்றேன். "நீ செஞ்சதா?" இல்லையம்மா, நாம் வால்வு செய்வதில்லை என்றேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். "அப்போ அதைச் செஞ்சவன் வீட்டுல இன்னிக்கு ஒருத்தருக்கும் சோறு இறங்கியிருக்காதேடா" என்று சொல்லி எழுந்து, பூஜை அறைக்குப் போய், மஞ்சள் துணியைத் தேடி, எங்களுக்கு யாரென்றே தெரியாத அந்தக் குடும்பத்துக்காக இன்னொரு காசு முடிந்து படத்துக்குக் கீழே வைத்தார்கள். அதற்கும் சேலை உண்டாம். இந்த முறை பச்சையில் எடுக்க வேண்டுமாம். தாயே, உன் கருணையால் என் அம்மாவின் காலுக்குத் தெம்பு கொடு, அழைத்து வருவது என் பொறுப்பு.