மணியார்டருக்கு வந்த தீர்ப்பு

நம் பள்ளியில் 1987-ல் எஸ்.எஸ்.சி. (பத்தாம் வகுப்பு) எழுதியவர்களிடம் அவன் பெயரைச் சொன்னால் கொஞ்சம் யோசிப்பார்கள். 'மணியார்டர்' என்றால் போதும், சிரிப்பு வந்துவிடும். சாயங்காலம் ஆனால் தாராவி தபால் ஆபீஸ் வாசலில்தான் இருப்பான். தோல் கிடங்கில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்களுக்கு மணியார்டர் பாரம் நிரப்பிக் கொடுப்பான், ஒன்றுக்கு நாலணா. செய்தி எழுதுகிற கட்டம் இரண்டு விரல் அகலம்கூட இருக்காது. அதற்குள் அப்பா நலம், இங்கே மழை, கூரையை மாற்று, சின்னவனை அடிக்காதே எல்லாவற்றையும் அடைத்துவிடுவான். காசில்லாதவரிடம் வாங்கவும் மாட்டான். வாங்கிய காசில் எங்களுக்கு வடாபாவ்.

திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிட வந்த குடும்பம். 1887-ல் தாராவியில் பெரிய பள்ளிவாசல் கட்டியபோது தன் பூட்டனாரும் கல் சுமந்ததாக அளந்துகொண்டே இருப்பான். மராத்தி அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. டீச்சர் போர்டில் எழுதியதையே எழுந்து நின்று திருத்தியிருக்கிறான், அடியும் வாங்கியிருக்கிறான்.

1992 டிசம்பர் 6-ல் பாபர் மசூதி இடிக்கப்பட்ட பிறகு பம்பாய் பற்றி எரிந்தது எல்லோருக்கும் தெரியும். நான் அப்போது மஸ்கட்டில் இருந்தேன். டிசம்பர் கலவரத்தை அவன் வீடு எப்படியோ கடந்துவிட்டது. 1993 ஜனவரியில் மறுபடி மூண்டது. ஊரடங்கைத் தளர்த்திய நேரத்தில் வாப்பாவின் ஆஸ்துமா மருந்துக்காக மாகிம் பக்கம் போனான். வழியில் ஒரு கும்பல் மறித்ததை டீக்கடைக்காரர் ஒருவர் பார்த்திருக்கிறார். இவன் மராத்தியில்தான் பேசினானாம். பேர் என்ன என்று கேட்டார்களாம். அடி விழ ஆரம்பித்ததும் டீக்கடைக்காரர் ஓடிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உடல் கிடைக்கவில்லை. போலீஸில் 'காணவில்லை' என்று எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரத்தில் மீதிக் குடும்பம் தாதரில் ரயிலேறி ஊர் போய்ச் சேர்ந்தது. பிப்ரவரியில் அப்பா எழுதிய கடிதத்தில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது.

ஏழு வருஷம் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்று 2024 வரை அமலில் இருந்த சாட்சியச் சட்டத்தின் 108-வது பிரிவு சொன்னது. ஊரில் ஒரு வக்கீல் இதை எடுத்துச் சொன்னபோது உம்மா பதில் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. உம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்தக் கலவரங்களை விசாரித்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் 1998-ல் அறிக்கை தந்தது. 900 பேர் இறந்ததாக அதில் இருக்கிறது. நடுவில் 1996-ல் மாநில அரசு ஆணையத்தையே கலைத்து, சில மாதம் கழித்துத் திரும்ப உயிர் கொடுத்த கூத்தும் உண்டு. அதே 1993-ல் மார்ச் 12 பம்பாய்த் தொடர் குண்டுவெடிப்பில் 257 பேர் இறந்தார்கள். அந்த வழக்கில் தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்ட) நீதிமன்றம் 100 பேரைக் குற்றவாளிகள் என்றது. அது நடக்க வேண்டியதுதான். அந்த வேகத்தில் பாதியாவது இந்தப் பக்கமும் வந்திருக்கலாம் என்பதுதான் என் ஆற்றாமை.

கடைசியில் 2022 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. காணாமல் போனவர்கள் 168 பேர். அதில் 60 குடும்பங்களுக்குத்தான் அதுவரை நஷ்டஈடு போயிருந்தது. மீதி 108 குடும்பங்களைத் தேடிப் பிடித்து, ஆளுக்கு 2 லட்சம் ரூபாயும் 1999 ஜனவரியிலிருந்து 9 சதவீத வட்டியும் கொடுக்கச் சொன்னது. முடங்கிக் கிடந்த 97 வழக்குகளையும் தூசி தட்டச் சொன்னது. மாநில அரசு தன் கடமையில் தவறியது என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருந்தது. படித்தபோது கண் கலங்கியது உண்மை. அப்புறம் கால்குலேட்டரை எடுத்தேன். வட்டியோடு ஆறு லட்சத்துச் சொச்சம் வருகிறது. தீர்ப்பை முதலிலிருந்து மறுபடி படித்தேன். அந்த ரோட்டில் பேர் கேட்டவர்கள் யார் என்று அதில் எங்கும் இல்லை. இருக்கவும் முடியாது, காணாமல் போனவனுக்குக் கொலைகாரன் எங்கிருந்து வருவான்?

அவன் தங்கச்சி இப்போது பேரப்பிள்ளை எடுத்துவிட்டாள். போனில் விவரம் சொன்னேன். "யாரு செஞ்சாங்கன்னு சொல்லாம காச மட்டும் குடுத்தா, வாங்குனதோட எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு ஆயிடாதா அண்ணே?" என்றாள். வாங்கிக்கொள் என்பதுதான் என் கட்சி. அரசாங்கத்துக்கு இந்தக் கணக்கு வலிக்கட்டும், கொஞ்சமாவது. ஆனால் முடிவு அவளுடையது. அண்ணன் என்று கூப்பிடுகிறாள் என்பதற்காக நான் அதட்ட முடியாது.

அவள் சரி என்று சொல்லும் நாளில் காகிதங்கள் தயாராக இருக்கட்டும் என்று சேர்த்துக்கொண்டிருக்கிறேன். பழைய ரேஷன் கார்டு நகல் இருக்கிறது. பள்ளி விடுகைச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. போட்டோதான் இல்லை. எஸ்.எஸ்.சி. குரூப் போட்டோவில் கடைசி வரிசையில் வலது கோடியில் நிற்பான், என் பிரதியில் அந்த மூலை செல்லரித்துவிட்டது. நம்மில் யாரிடமாவது நல்ல பிரதி இருந்தால் ஸ்கேன் செய்து நம் பள்ளி மலர்க் குழுவுக்கு அனுப்புங்கள். நெகட்டிவ் இருந்தால் இன்னும் நல்லது.