டிராக்டரைத் திருப்பி அனுப்பியவர்கள்

ஜூன் 3

ஜான் ஃப்ரோலிக்கைப் பற்றி வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் அயோவா மாநிலத்துக்காரர். அறுவடைக் காலத்தில் ஆட்களையும் கதிரடிக்கும் மெஷினையும் கூட்டிக்கொண்டு தெற்கு டகோட்டா வரை போய், கூலிக்குக் கோதுமை அடித்துக் கொடுப்பார். மெஷினை ஓட்டியது நீராவி எஞ்சின். நிலக்கரியும் தண்ணீரும் ஓயாமல் கொண்டுவந்து கொட்ட வேண்டும். அதைவிடப் பெரிய பயம் நெருப்பு. காற்றடிக்கும் நாளில் ஒரு பொறி பறந்தால் போதும், வைக்கோலோடு விளைச்சலும் போய்விடும்.

1892இல் ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்றை, நீராவி வண்டிக்கான அடிச்சட்டத்தில் ஏற்றி டிராக்டர் ஆக்கினார். கூட உழைத்தவர் வில்லியம் மான் என்ற கொல்லர். வண்டி முன்னாலும் போனது, பின்னாலும் வந்தது. பின்னால் வருவதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. கதிரடிக்கும் மெஷினுக்கு எதிரே நிறுத்தி, பெல்ட்டை மாட்டி, அது விறைப்பாகும்வரை வண்டியைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். இதெல்லாம் களத்தில் நின்றவனுக்குத்தான் தெரியும். அந்தப் பருவத்தில் அது சுமார் 72,000 புஷல் (அமெரிக்கத் தானிய அளவை) கோதுமை அடித்ததாகச் சொல்கிறார்கள்.

ஜூன் 4

மறுவருடம் வாட்டர்லூ நகரில் கம்பெனி தொடங்கினார்கள். விற்றது இரண்டே டிராக்டர். இரண்டும் திரும்பி வந்துவிட்டன. கம்பெனி ஓரிடத்தில் நிற்கும் எஞ்சின்களைச் செய்து பிழைத்தது. 1895இல் ஃப்ரோலிக் விலகிவிட்டார்.

ஜூன் 8

இன்று படித்தவர் வில்மாட் குரோசியர், நெப்ராஸ்கா விவசாயி. கண்டுபிடித்தவர்களுக்குச் சமமாக இவரையும் வைப்பேன்.

மினியாபொலிஸில் ஒரு கம்பெனி, ஃபோர்டு என்ற பெயருள்ள ஒருவரைச் சேர்த்துக்கொண்டு 'ஃபோர்டு' டிராக்டர் விற்றது. கார் செய்த ஹென்றி ஃபோர்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. குரோசியர் அதை வாங்கி அவதிப்பட்டார். அடுத்து வாங்கியதும் சரியில்லை. மூன்றாவதாக வந்த ரூம்லி கம்பெனி டிராக்டர் நன்றாக உழைத்தது. அப்படியானால் நல்ல டிராக்டர் செய்ய முடியும், விற்பவர்கள்தான் வாய்க்கு வந்த குதிரைத்திறனைச் சொல்கிறார்கள் என்று அவருக்குக் கோபம். சட்டமன்ற உறுப்பினரானதும் 1919இல் சட்டமே கொண்டுவந்தார்: பல்கலைக்கழகத்தில் சோதிக்காத டிராக்டர் மாடலை நெப்ராஸ்காவில் விற்கக் கூடாது, உதிரிபாகங்களும் மாநிலத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும். கடன் வாங்கி மெஷின் எடுக்கும் குடும்பத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஜூன் 9

1920இல் நெப்ராஸ்காவின் முதல் எண் சோதனைக்கு வந்தது 'வாட்டர்லூ பாய்' டிராக்டர். ஃப்ரோலிக் தொடங்கிய அதே கம்பெனியின் வழிவந்தது! 1918இல் ஜான் டியர் என்ற விவசாயக் கருவி நிறுவனம் அந்தக் கம்பெனியை விலைக்கு வாங்கியிருந்தது. இழுவைக்கு 12, பெல்ட்டுக்கு 25 குதிரைத்திறன் என்று சொல்லி விற்றார்கள். சோதனையில் ஏறக்குறைய 16ம் 25.5ம் வந்தன. சொன்னதைவிடக் கூடுதல்.

அப்புறம் ஹென்றி ஃபோர்டு செய்த ஃபோர்ட்சன் டிராக்டர் பற்றிப் படிக்க வேண்டும்.