சென்னையில் ரூம் போடுவது: கடலா, ரயிலா?

ரூம் புக் செய்யும் ஆப் எதைத் திறந்தாலும் ஓட்டல் பெயருக்குக் கீழே 'நகர மையத்திலிருந்து 3 கிலோமீட்டர்' என்று ஒரு வரி இருக்கும். அந்த மையம் எங்கே என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். மதுரை என்றால் மீனாட்சி அம்மன் கோயில், திருச்சி என்றால் மலைக்கோட்டை என்று கை காட்டலாம். சென்னையில் அது நடக்காது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, எழும்பூர், ஜார்ஜ் டவுன் என்று தனித்தனி ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்த நகரம் இது. போதாக்குறைக்கு 'சிட்டி சென்டர் அருகில்' என்று ஒரு விளம்பரம் வந்தால், அது ராதாகிருஷ்ணன் சாலையில் அதே பெயரில் இருக்கும் ஷாப்பிங் மாலைக் குறிப்பதாகவும் இருக்கலாம்.

அதனால் மையத்தைத் தேட வேண்டாம். ஊருக்குள் எந்த வாசலில் இறங்குகிறீர்கள், எந்த வாசலில் ஏறித் திரும்புகிறீர்கள், நடுவில் எங்கே வேலை என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அவற்றை இணைக்கும் ரயில் பாதை எதுவோ, அதன் ஏதாவது ஒரு நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் ஓட்டல்தான் உங்களுக்கு நடு ஊர்.

'கடலுக்கு எதிரே ரூம் வேண்டும்' என்பவர்களுக்கு முதலில் ஒன்று. மெரினாவை ஒட்டி ஓடும் காமராஜர் சாலையில் கடலுக்கு எதிர்ப்பக்கம் சென்னைப் பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி, விவேகானந்தர் இல்லம், ராணி மேரி கல்லூரி, டிஜிபி அலுவலகம் என்று வரிசையாக அரசு, கல்வி நிறுவனக் கட்டடங்கள்தான். ஓட்டல் வரிசை கிடையாது. ஜன்னலைத் திறந்தால் அலை தெரிய வேண்டுமென்றால் எம்.ஆர்.சி. நகர்ப் பக்கம் நட்சத்திர ஓட்டலுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் ஊரை விட்டு ஈ.சி.ஆர். ரிசார்ட்டுகளுக்கு. ஈ.சி.ஆரில் தங்கிக்கொண்டு தினமும் தி.நகருக்குத் துணி எடுக்க வருவது விடுமுறை அல்ல, தண்டனை.

யோசித்துப் பார்த்தால் கடற்கரையில் இருக்கப்போவது விடிகாலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம். பகலில் மணல் கொதிக்கும். இரவு கொஞ்சம் நேரமானால் மெரினாவில் உட்கார்ந்திருப்பவர்களைப் போலீஸ் கிளப்பிவிடும். இந்த மூன்று மணி நேரத்துக்காக மீதி இருபத்தொரு மணி நேரத்தையும் ஆட்டோவில் கழிக்க வேண்டுமா?

கடலும் வேண்டும், ஊரும் வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது வாலாஜா சாலையும் அதை ஒட்டிய அண்ணா சாலையும்தான். மேற்கு முனையில் அரசினர் தோட்டம் மெட்ரோ, கிழக்கு முனையில் மெரினா. இரண்டுக்கும் நடுவே ஒன்றரை கிலோமீட்டர் கூட இல்லை, மெதுவாக நடந்தாலும் இருபது நிமிடம். சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையமும் பக்கத்தில். விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கலாம். மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணமே 50 ரூபாய்தான். குறையும் உண்டு. சேப்பாக்கத்தில் கிரிக்கெட் இருக்கும் நாளில் வாடகை ஏறும், தெருவை மறித்துவிடுவார்கள், கார் உள்ளே வராது. ஐ.பி.எல். அட்டவணையைப் பார்க்காமல் ஏப்ரல், மே மாதங்களில் இங்கே புக் செய்யாதீர்கள்.

அப்படியே திருவல்லிக்கேணிக்குள் போனால் மேன்ஷன்கள். வேலை தேடி வரும் ஆண்களுக்காக வளர்ந்தவை. மலிவு, ஆனால் பெரும்பாலும் பொதுக் கழிப்பறை, சின்ன அறை. குடும்பத்தோடு போவதென்றால் பெயர்ப் பலகையில் 'மேன்ஷன்' என்றிருப்பதைத் தாண்டிப் போங்கள்.

தென் மாவட்டங்களிலிருந்து ரயிலில் வருபவர்களுக்கு எழும்பூர் வசதி. காந்தி இர்வின் சாலையும் கென்னட் லேனும் லாட்ஜுகளால் நிறைந்தவை, பெட்டியை இழுத்துக்கொண்டே போய்விடலாம். ஆனால் 'எழும்பூர்' என்று போட்ட எல்லாமே எழும்பூர் அல்ல, புரசைவாக்கம் வரை அந்தப் பெயரில் விற்பார்கள். வரைபடத்தில் ஓட்டல் நிலையத்தின் முன்பக்கமா, பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கமா என்று பாருங்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் என்றால், நேர்க்கோட்டில் 300 மீட்டர் காட்டும் இடத்துக்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். கோவை, பெங்களூர் ரயில்கள் சென்ட்ரலுக்கு வரும். அங்கிருந்து எழும்பூர் மெட்ரோவில் ஒரே நிறுத்தம், ஆகவே சென்ட்ரல் எதிரிலேயே நெருக்கடியில் தங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. தாம்பரத்திலிருந்தே கிளம்பும் ரயில்களும் உண்டு, திரும்பும் டிக்கெட்டில் நிலையத்தின் பெயரைப் படித்துவிட்டுப் புக் செய்யுங்கள்.

அரசுப் பேருந்தில் தெற்கிலிருந்து வருபவர்களுக்குக் கணக்கே மாறிவிட்டது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு கோயம்பேட்டைச் சுற்றி ரூம் போட்ட பழக்கம் அவர்களுக்கு உதவாது. கிளாம்பாக்கத்துக்கும் எழும்பூருக்கும் சுமார் 30 கிலோமீட்டர். வண்டலூர் வரை நகரப் பேருந்து, அங்கிருந்து மின்சார ரயில் என்று வந்தால் நேராக மாம்பலத்தில் இறங்கலாம். மாம்பலம் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை ஆகாய நடைபாதை இருப்பதால், ரங்கநாதன் தெரு கூட்டத்தில் பெட்டியோடு மாட்ட வேண்டாம். கல்யாண ஜவுளி எடுக்க வருபவர்கள் தி.நகரில் தங்குவதுதான் சரி, ஆனால் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் அந்தப் பக்கமே வேண்டாம். சொந்தக் காரில் வந்தால், 'பார்க்கிங் உண்டு' என்பது ஓட்டலுக்குள்ளா, தெரு ஓரமா என்று கேளுங்கள்.

டிசம்பர் கச்சேரி சீசனில் மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை பக்கம் முன்கூட்டியே நிரம்பிவிடும். கிரீம்ஸ் சாலையைச் சுற்றி ஆண்டு முழுவதும் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் தங்குவார்கள், அங்கே கூட்டம் குறையும் மாதம் என்று ஒன்று இல்லை.

இடத்தை விட அதிகப் பணத்தை விழுங்குவது செக்‌அவுட் நேரம். நம் ஊர் லாட்ஜுகளில் பல 24 மணி நேரக் கணக்கு வைத்திருக்கின்றன: காலை 5 மணிக்கு நுழைந்தால் மறுநாள் காலை 5 வரை. நட்சத்திர ஓட்டல்களிலும் ஆப் வழி புக்கிங்கிலும் பெரும்பாலும் பகல் 12 மணிக் கணக்கு. விடிகாலை ரயிலில் இறங்கி 12 மணிக் கணக்கு ஓட்டலுக்குப் போனால், ஏழு மணி நேரம் லாபியில் உட்கார வேண்டும், அல்லது முந்தைய இரவுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். அதே லாட்ஜ் நேரில் போனால் 24 மணி நேரம் தரும், ஆப்பில் போட்டால் 12 மணிக் கணக்கைச் சொல்லும். போன் போட்டு 'எத்தனை மணிக் கணக்கு?' என்று கேட்டுவிடுங்கள்.

வரியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18. 7,500 ரூபாய் அறைக்கு மொத்தம் 7,875 கட்டுவீர்கள். 7,600 ரூபாய் அறைக்கு 8,968. நூறு ரூபாய் வித்தியாசம் ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது.

போனில் இன்னும் சிலவற்றைக் கேளுங்கள். ஜன்னல் வெளியே திறக்குமா, இல்லை வராந்தாவைப் பார்த்தா? (நெருக்கமான தெருக்களில் ஜன்னலே இல்லாத 'டீலக்ஸ்' அறைகள் உண்டு.) வெந்நீர் எந்நேரமும் வருமா, காலையில் மட்டுமா? கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, ஃபேனும் லைட்டும் மட்டுமா? பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தினால் காலை 9 முதல் 2 மணி வரை என்பது வழக்கம், மே மாதத்தில் அந்த ஐந்து மணி நேரம் நீளமாகத் தெரியும். பக்கத்தில் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கிறதா என்றும் கேளுங்கள், தெரு ஒருவழியாக மாறியிருந்தால் ஆட்டோ மீட்டர் ஏறும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வந்தால் தரைத்தள அறையை ஒதுக்குங்கள். பெருமழையில் தி.நகர்ப் பக்கத்து சுரங்கப்பாதைகளை மூடிவிடுவார்கள், அப்போது தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் தங்கியிருக்கிறீர்கள் என்பது முக்கியமாகிவிடும்.

வயதானவர்கள் கூட வந்தால், மெரினாவில் சாலைக்கும் தண்ணீருக்கும் நடுவே கிடக்கும் அகலமான மணலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான மரப்பாதை விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே இருக்கிறது, சக்கர நாற்காலியும் போகும்.

ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்ததும் பணம் கட்டுவதற்கு முன் அறையைப் பாருங்கள். குழாயைத் திறந்து கையில் சோப்புப் போடுங்கள். நுரை வராவிட்டால் உப்புத் தண்ணீர், தலைக்குக் குளிக்கக் கஷ்டம். ஏசியைப் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள், ஈர வாடை அடித்தால் வேறு அறை கேளுங்கள். பெரியவர்கள் எல்லோருக்கும் அசல் அடையாள அட்டை வேண்டும், போட்டோவைக் காட்டினால் சில இடங்களில் ஏற்க மாட்டார்கள்.

காலையில் காலி செய்துவிட்டு இரவு ரயில் என்றால், ரிசப்ஷனில் பெட்டியை வைத்துக்கொள்வார்களா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். மறுத்தால் சென்ட்ரலிலும் எழும்பூரிலும் க்ளோக் ரூம் இருக்கிறது. பூட்டில்லாத பையை அங்கே வாங்க மாட்டார்கள், சின்னப் பூட்டு ஒன்றை ஊரிலிருந்தே எடுத்து வாருங்கள்.