ஏழு விநாடி டிரம்ஸை 64 துண்டாக்கிப் பார்த்தேன்

பழைய பாடல்களின் டிரம்ஸ் பகுதிகளை வெட்டி எடுத்துக் கட்டும் பிரேக்பீட் இசையின் வரலாற்றைப் படித்தது போதும், பழைய கருவிகளின் வரம்புக்குள் நின்று கையால் ஒன்றைச் செய்து பார்ப்போம் என்று சென்ற மாதம் தொடங்கினேன். எடுத்துக்கொண்டது ஆமென் பிரேக். 1969இல் தி வின்ஸ்டன்ஸ் குழு வெளியிட்ட ‘ஆமென், பிரதர்’ என்ற உருப்படியின் நடுவே மற்ற வாத்தியங்கள் ஒதுங்கிக்கொள்ள, கிரெகரி கோல்மன் தனியாக வாசிக்கும் நான்கு சுற்று (சுற்றுக்கு நான்கு அடி) டிரம்ஸ் அது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 137 அடி என்ற வேகத்தில் ஏழே விநாடியில் முடிந்துவிடும்.

முதல் மாலை எளிய வேலை. 1970களில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி விருந்துகளில் டிஜே கூல் ஹெர்க், ஆடுபவர்கள் இத்தகைய டிரம்ஸ் பகுதிக்காகவே காத்திருப்பதைக் கவனித்து, ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில் வைத்து, ஒன்றில் அப்பகுதி முடியும்போது மற்றதில் தொடங்கி, அதை நீட்டிக்கொண்டே போனார். கணினியில் இரண்டு பிளேயர்களைத் திறந்துவைத்து நானும் முயன்றேன். இருபது முறையில் நான்குதான் தேறின. இசைத்தட்டின் மேல் ஊசியைக் கையால் இறக்கியவரின் திறமை அப்போது உறைத்தது.

அடுத்து ட்ராக்கர், அதாவது ஒலித்துண்டுகளை எண்களால் வரிசைப்படுத்தி இசை கட்டும் மென்பொருள். 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனில், வெட்டிய டிரம்ஸை வேகமாக ஓட்டும் ஜங்கிள் இசை செய்தவர்களில் சிலர், ஒலியைப் பதிந்து துண்டுகளாக ஒலிக்கவைக்கும் விலையுயர்ந்த சாம்ப்ளர் கருவி இல்லாமல், அமிகா என்ற வீட்டுக் கணினியில் ட்ராக்கர் மென்பொருளை வைத்தே தாளங்களை வெட்டி ஒட்டினார்கள். இலவசமாகக் கிடைக்கும் மில்கிட்ராக்கரில் அதே முறையைப் பின்பற்றினேன். சாம்பிளின், அதாவது ஏற்றிய ஒலிப்பதிவின், நடுவில் எந்த இடத்திலிருந்து ஒலிக்க வேண்டும் என்று சொல்ல அதில் ஒரு கட்டளை உண்டு. 0 முதல் 255 வரை எண் கொடுக்கலாம். ஒவ்வோர் எண்ணும் 256 சாம்பிள் புள்ளிகளைத் தாண்டும். இதை யோசிக்காமல் 44,100 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு அத்தனை புள்ளிகள்) கோப்பை ஏற்றியதால் முதல் ஒன்றரை விநாடிக்கு மேல் எட்டவே முடியவில்லை. முதல் சுற்றுகூட முழுதாகக் கைக்கு வரவில்லை.

தாளில் கணக்குப் போட்டேன். ஓர் அடியை ‘தகதிமி’ என்று நான்காகப் பிரித்தால் நான்கு சுற்றுக்கு 64 துண்டுகள். ஒரு துண்டு சரியாக 1,024 புள்ளிகள் ஆகும்படி கோப்பை 9,352 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால், துண்டுகளின் தொடக்கம் 0, 4, 8 என்று நாலு நாலாகப் போய் 252இல் முடிகிறது. சிம்பலின் மினுமினுப்பு போய்விட்டது என்னவோ உண்மை. ஆனால் அந்தச் சொரசொரப்பு எனக்குப் பிடித்தே இருந்தது.

இந்த எண்களோடு விளையாடும்போதுதான் கோல்மன் செய்த குறும்பு தெரிந்தது. முதல் இரு சுற்றுகளில் ஸ்னேர் என்ற கூர்மையான ஒலியுள்ள டிரம் இரண்டாம், நான்காம் அடிகளில் அழுத்தமாக விழுகிறது. மூன்றாவது சுற்றில் கடைசி ஸ்னேர் அரை அடி தள்ளி, 176இல் விழ வேண்டியது 184இல் விழுகிறது. ஜங்கிள்காரர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, இந்த ஒரு தள்ளலைத்தான் பெருக்கிக்கொண்டே போனார்கள் என்பது என் கருத்து. 184ஐ எடுத்து முதல் சுற்றின் நடுவில் வைத்ததும் தாளம் முன்பக்கம் சாய்ந்து ஓடத் தொடங்கியது.

வேகத்தைக் கூட்ட முதலில் சுருதி மாறாமல் சுருக்கும் நவீன முறையைப் பயன்படுத்தினேன். ஸ்னேரின் முனை மழுங்கிப்போனது. பழைய வழியில் சுருதியையே மூன்று அரைச்சுரம் ஏற்றியதும் வேகம் தானாகவே 163ஐத் தொட்டது, ஸ்னேர் தகரத்தைத் தட்டியதுபோல் விறைத்துக்கொண்டது.

இத்தனை பேர் எடுத்தாண்ட இந்த வாசிப்புக்காகக் கோல்மனுக்கு உரிமைத்தொகை எதுவும் கிடைக்கவில்லை. அவர் 2006இல் இறந்தார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு மட்டும் 2015இல் ரசிகர்கள் 24,000 பவுண்ட் திரட்டிக் கொடுத்தார்கள். என் கோப்பு பயிற்சிக்கு மட்டுமே. வெளியிடும் எண்ணம் இல்லை.

இன்னும் ஒரு சிக்கல் பாக்கி. கோல்மன் இயந்திரம்போல் வாசிக்கவில்லை. நான்காவது சுற்றில் ஒரு ஸ்னேர் நான் வெட்டிய துண்டின் தொடக்கத்துக்குச் சற்று முன்பே விழுவதால் அதன் தலை வெட்டுப்படுகிறது. ஓர் எண் முன்னதாகத் தொடங்கினால் 27 மில்லிவிநாடி கூடுதலாகி, முந்தைய ஒலியின் வால் ஒட்டிக்கொள்கிறது. அந்த ஸ்னேரை மட்டும் தனிச் சாம்பிளாக வெட்டி வைத்திருக்கிறேன். இந்த வாரம் அதைப் பொருத்த வேண்டும்.