அடுத்த வீட்டுச் சைக்கிள்

ஜூன் 8, மோல்மேன், பர்மா

சைக்கிளைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். ஹெர்குலிஸ், பர்மிங்ஹாமில் செய்தது, 14 அங்குலச் சக்கரம். 1964இல் அடுத்த வீட்டார் இந்தியாவுக்குக் கப்பலேறும்போது விட்டுப்போன வண்டி. கடைகளை அரசு எடுத்துக்கொண்டு, மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாமல் போன வருஷம் அது. அந்த வீட்டுப் பையனுக்கும் எனக்கும் ஏழு வயது. "பத்திரமா வெச்சுக்கடா" என்று சொல்லிப் போனான். சீட்டுக்கு அடியில் அவன் ஆணியால் கீறிய எழுத்து அழியவில்லை.

பேத்தியால் எங்கள் சந்தின் ஏற்றத்தில் மிதிக்க முடியவில்லை. மோட்டார் வைக்கப்போகிறேன். ஆனால் சட்டத்தில் ஒரு துளை போடக்கூடாது, வெல்டிங் கூடவே கூடாது. அடுத்தவன் பொருள்.

ஜூன் 11

49 சிசி பெட்ரோல் எஞ்சின் வேண்டாம். அது 26 அங்குல சைக்கிளின் சட்ட முக்கோணத்துக்குள் உட்கார வேண்டியது. இங்கே என் கையே நுழையவில்லை. சூடான சைலன்சர் பக்கத்தில் குழந்தையின் கால் வேறு. மின்மோட்டார்தான்.

ஜூன் 15

சக்கரத்தில் சாக்பீஸால் கோடு போட்டுத் தரையில் உருட்டினேன். ஒரு சுற்றுக்கு 111 செ.மீ. மணிக்கு 10 கி.மீ. போதும், அதற்குச் சக்கரம் நிமிடத்துக்கு 150 தடவை சுற்ற வேண்டும். 24 வோல்ட், 250 வாட் மோட்டாரோ 2650 சுற்று சுற்றுகிறது. மோட்டாரில் 11 பல் என்றால் பின்சக்கரத்தில் 190 பல்லுக்கு மேல் வேண்டும். அந்தப் பல்சக்கரம் டயரைவிடப் பெரிது! உள்ளேயே பத்துக்கு ஒன்றாக வேகம் குறைக்கும் கியர் மோட்டார் வாங்கினேன். மோட்டாரில் 9 பல், பின்னால் 16 பல். கணக்கு சரியாக வருகிறது, சாதாரண சைக்கிள் செயினும் பொருந்துகிறது.

ஜூன் 21

பின்சக்கரத்தின் இடப்பக்கம் பல்சக்கரத்தை ரப்பர் வளையம் வைத்து ஸ்போக்ஸோடு இறுக்கியிருந்தேன். ஆள் ஏறாமல், மோட்டாரை ஓட்டும் கைப்பிடியை முறுக்கினேன், மூன்று ஸ்போக்ஸ் பட்டென்று அறுந்தன. மோட்டாரின் இழுப்பு முழுவதும் அந்த மெல்லிய கம்பிகள் மேல் விழுந்திருக்கிறது. என் தவறு. இரவு தூக்கம் வரவில்லை.

ஜூன் 25

லேத் பட்டறை சயா (மேஸ்திரி) மோன் இனத்தவர். சக்கரத்தை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கம்பியை ஏன் பிடிக்கிறாய், அச்சு உருளையைப் பிடி" என்றார். இரண்டு பாதியாக இரும்பு வளையம் கடைந்து, சக்கரத்தின் நடு உருளையைச் சுற்றிப் போல்ட்டு போட்டு, அதன்மேல் பல்சக்கரம். பழைய உருளையில் கீறல் விழாதிருக்க உள்ளே சைக்கிள் டியூப் துண்டு வைக்கச் சொன்னவரும் அவர்தான்.

ஜூலை 2

12 வோல்ட் பேட்டரி இரண்டும் நாலு கிலோவுக்கு மேல். கேரியரில் வைத்ததும் முன்சக்கரம் எழும்பியது. பெடலுக்கு முன்னால், தாழ்வாக, பட்டையால் கட்டினேன். கரண்ட் இல்லாத நேரமே அதிகம். வீட்டு சோலார் பலகையில்தான் சார்ஜ்.

ஜூலை 6

மோட்டாரை முதலில் யோசித்து பிரேக்கைக் கடைசியில் யோசித்தேன். தலைகீழாகச் செய்திருக்க வேண்டும். பழைய பிரேக், டயரின் மேல் ரப்பர் கட்டையை அழுத்துவது. மோல்மேன் மழையில் அது சறுக்கும். புது பிரேக் மாட்ட முன் ஃபோர்க்கில் துளை வேண்டுமே என்று தவித்தபோது, மட்கார்டு போல்ட்டின் துளை கண்ணில் பட்டது. பர்மிங்ஹாமிலேயே போட்ட துளை! மட்கார்டைக் கழற்றி அதில் மாட்டினேன். பிரேக்கைப் பிடித்தால் மோட்டார் நிற்கும்படி சுவிட்சும் வைத்தாகிவிட்டது.

ஜூலை 10

மழை விட்ட ஒரு மணி நேரத்தில் பேத்தி ஏறினாள். நான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே ஓடினேன். ஏற்றத்தில் மோட்டார் முனகியது, நிற்கவில்லை. பிடியை விட்டால் கியரின் இழுவையிலேயே வேகம் குறைகிறது. சின்னப் பிள்ளைக்கு அது நல்லது. மிதித்து ஓட்ட மட்டும் மோட்டார் செயினைக் கழற்ற வேண்டும்.

கழற்றிய மட்கார்டுக்கும் பழைய பிரேக் கம்பிக்கும் எண்ணெய் தடவித் துணியில் சுற்றினேன். சின்ன போல்ட்டுகள் பிஸ்கட் டின்னில். எது எங்கே மாட்ட வேண்டும் என்று எழுதி மூடியில் ஒட்டியிருக்கிறேன்.