ஆயிரத்துக்கு அப்புறம் என்ன?

"என் பிள்ளை ரொம்பச் சூட்டிகை. மாண்டிசோரி அவனுக்குச் சரிப்படுமா?" என்று பெற்றோர் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சிறுமியின் நினைவுதான் வரும்.

குழந்தை தன் வேகத்தில், கையால் செய்து பார்த்துக் கற்கும் முறை மாண்டிசோரி. நான்கரை வயதில் என் மாண்டிசோரி வகுப்புக்கு வந்தாள். எண்களைக் காட்டும் பொன்னிற மணிகளான கோல்டன் பீட்ஸ் எடுத்துக் காட்டினேன். ஒன்றுக்கு ஒரு மணி, பத்துக்குக் கம்பியில் கோத்த சரம், நூறுக்குச் சதுரம், ஆயிரத்துக்குக் கனசதுரம். மற்ற பிள்ளைகள் வாரக்கணக்கில் செய்வதை ஒரே காலையில் முடித்துவிட்டு, "ஆயிரத்துக்கு அப்புறம் என்ன ஆன்ட்டி?" என்றாள்.

"அது பெரிய பிள்ளைகளுக்கு. ஆறு வயசாகட்டும்" என்றேன்.

அன்றோடு அவள் எதையும் கையில் எடுப்பதில்லை. ஜன்னலோரமாக உட்கார்ந்துகொள்வாள். 'கவனம் போதாது' என்று பதிவேட்டில் எழுதினேன். அந்த வரிக்காக இன்றும் வருந்துகிறேன். குழந்தை போகும் வழியில் போ என்றுதான் எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நானோ வயதுக் கணக்கைப் பிடித்துக்கொண்டு அவள் வழியை மறித்திருந்தேன்.

இந்த முறையை உருவாக்கி, 1939இல் அடையாறுக்கு வந்த மாண்டிசோரி அம்மையார், போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்தபோது, ஆறு வயதைத் தாண்டிய குழந்தைகளுக்கான கல்வியை விரிவாக வளர்த்தெடுத்தார். பெரிய எண்களைக் காட்ட அந்த வயதினருக்கான மரக்கட்டைகள் எங்கள் பள்ளியிலேயே, பக்கத்து அறையில்தான் இருந்தன. மூத்த ஆசிரியை ஒருவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவளை அங்கே கூட்டிப்போனேன்.

பத்து லட்சத்துக்கான கனசதுரம் பக்கத்துக்கு அரை மீட்டர் இருக்கும். ஒன்றுக்கான கட்டையோ அரை சென்டிமீட்டர்தான். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனவள் ஆயிரத்தில் நின்றாள். "இதுவும் ஒண்ணு மாதிரிதான்! பத்தாயிரம் கோல், லட்சம் சதுரம், மறுபடி கனசதுரம்!" நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவளுடைய மூளை ஓடிய வேகத்துக்குக் கை ஓடவில்லை. கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றும்போது சிந்தினால் அழுதுவிடுவாள். எல்லாமே முதல் தடவையில் வந்து பழகிய குழந்தைக்குத் தவறு பெரிய அதிர்ச்சி. யாரும் திட்டாமல், மதிப்பெண் போடாமல், சிந்தியதைத் தானே துடைத்துவிட்டு மறுபடி ஊற்றிய அந்த மாதங்கள் அவளுக்குக் கணக்கைவிட அதிகம் கொடுத்தன என்றே நினைக்கிறேன்.

அதனால், கேட்கும் பெற்றோரிடம் இப்போது ஒன்றுதான் சொல்கிறேன். பள்ளியைப் பார்க்கப் போகும்போது, ஐந்து வயதுப் பிள்ளை ஒரு காலைப்பொழுது பெரிய பிள்ளைகளின் அறையில் போய் உட்கார விடுவார்களா என்று கேளுங்கள்.